மருந்து எது? கேடயம் எது?

முதுமையை எட்டும் ஆண்களை வாட்டும் நோய்களுள் ஒன்று புராஸ்டேட் புற்றுநோய். வெளியே சொல்ல நாணி நம் இல்லத்துப் பெரியவர்கள் பலர் மறைத்து வைக்கும் நோயும் இதுவே. ஆண் ஹார்மோன் இந்நோய்க்கு உரமாகிறது என்பதை 1941-ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் மெய்ப்பித்தார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஹார்மோனை ஊசியாலும் மாத்திரையாலும் ஒடுக்குவதே ஹார்மோன் சிகிச்சை.

2020-ஆம் ஆண்டு கொரோனா இத்தாலியைச் சூறையாடியபோது, வெனெட்டோ மாநிலத்தின் நோயாளிகளை ஆய்ந்தவர்கள் வியப்பான கணக்கொன்றை வெளியிட்டனர். ஹார்மோன் சிகிச்சை பெற்றுவந்த 5,273 புராஸ்டேட் புற்றுநோயாளிகளுள் தொற்றுக்கு ஆளானவர் நால்வரே. அவர்களுள் எவரும் இறக்கவில்லை. அச்சிகிச்சை பெறாத 37,161 பேருள் 114 பேருக்குத் தொற்று. 18 பேர் மாண்டனர். கொரோனாக் கிருமி உயிரணுவுக்குள் நுழையத் துணைபுரியும் நொதி ஒன்று, புராஸ்டேட்டில் ஆண் ஹார்மோனால் பெருகுகிறது என்பது முன்பே அறிந்த உண்மை. ஆகவே, ஹார்மோனை அடக்கினால் கொரோனாவும் அடங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால், நால்வரை வைத்து முடிவு கட்டலாமா? சிகிச்சையில் இருந்தவர்கள் தொற்றுக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கியிருந்திருக்கலாம் அல்லவா? வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறை நமக்குக் கற்பிக்கிறது. மருத்துவ உலகமும் விசாரித்தது. அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்ட 96 ஆண்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். 62 பேருக்கு டெகாரெலிக்ஸ் என்னும் ஹார்மோன் ஒடுக்கும் ஊசியும், 34 பேருக்கு மருந்தற்ற ஊசியும் போடப்பட்டன. முடிவு 2022-இல் வெளியாயிற்று. முதற்பிரிவில் 11 பேரும் இரண்டாம் பிரிவில் 6 பேரும் இறந்திருந்தனர். நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! சுவீடனில் என்சாலுடமைடு மாத்திரையைக் கொண்டு நடந்த சோதனையும் பலன் காணாது இடையிலேயே நிறுத்தப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. ஹார்மோன் சிகிச்சை புற்றுநோய்க்கான மருந்து. கொரோனாவைத் தடுக்கும் கேடயமன்று. ‘ஊசி போடுகிறேன், எனக்கென்ன?’ என்று எவரும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். கொரோனாவுக்குப் பயனில்லையே என்று எண்ணி, புற்றுநோய்க்கான ஊசித் தவணையைத் தவறவிடவும் வேண்டாம். ஐயம் எழுந்தால் சிகிச்சையளிக்கும் மருத்துவரையே கேளுங்கள். உங்கள் தந்தையார் கேட்கக் கூச்சப்பட்டால், உடன் சென்று நீங்கள் கேளுங்கள். மருந்தையும் நாடுவோம், நலம் வேண்டி வல்ல நாயனிடம் கையும் ஏந்துவோம்.