புளிப்புக் கறுப்பு!

ஒயின் லிஸ்ட்டை நான் எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் படிப்பேன். பி.காம். படித்த தோஷம், விலைதான் முதலில் கண்ணில் படும். வடக்கு கிரீஸில், தெஸலோனிகி துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் அப்படிப் படித்தபோது சிக்கியதுதான் க்ஸினோமாவ்ரோ.

சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. என்ன அர்த்தம் என்று பரிமாறிய பெரியவரைக் கேட்டேன். ‘‘ஸோர்... பிளாக்’’ என்றார். புளிப்புக் கறுப்பு! ஒரு சரக்குக்கு இதைவிட மோசமான விளம்பரம் உண்டா? நம்ம ஊரில் எவனாவது ‘ஆறின காபி கிளப்’ என்று போர்டு மாட்டுவானா?

கூடவே வறுத்த மீன் சொன்னேன். கடற்கரை ஊருக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போவதாவது! பெரியவர் புருவத்தைத் தூக்கினார். நான் கண்டுகொள்ளவில்லை.

கிளாஸில் ஊற்றினால் கறுப்பைக் காணோம். வெளிறின சிவப்பு, ஓரத்தில் செங்கல் கலர். மோந்து பார்த்தால் வெயிலில் காய்ந்த தக்காளி வாசனை, கொஞ்சம் ஆலிவ். ஒரு வாய் குடித்தேன். பேரில் பொய்யே இல்லை சார். முதலில் சுளீரென்று புளிப்பு, பின்னாலேயே துவர்ப்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் ஒரு துண்டு மீன். துருப்பிடித்த சாவியை நக்கின மாதிரி ஆகிவிட்டது வாய்!

காரணம் உண்டு. சில சிவப்பு ஒயின்களில் இரும்புச்சத்து கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதுதான் கடல் உணவோடு சேர்ந்து வாடையைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பெரியவருக்கு அது ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்திருந்தது.

என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். சூத்ஸுகாக்யா. கொத்துக்கறியை விரல் நீளத்துக்கு உருட்டி, தக்காளிக் குழம்பில் போட்டது. சீரகமும் பூண்டும் மூக்கைத் துளைத்தன. ஸ்மிர்னாவில் வாழ்ந்த கிரேக்கர்களின் சமையல் இது. 1922-ல் அந்த ஊர் எரிந்தபோது அகதிகளாக ஓடிவந்தவர்கள், கையில் எதைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, இந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரு துண்டு கறி, ஒரு வாய் ஒயின். அதே பாட்டில்தானா என்று திருப்பிப் பார்த்தேன்! துவர்ப்பு என்பது நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிற சமாச்சாரம். அதனால்தான் வாய் வறள்கிறது. கறியைக் கொடுத்தால் அதன் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். புளிப்புக்குத் தக்காளி ஜோடி. சாதுவான ஒயினாக இருந்தால் தக்காளி முன்னால் தண்ணீராகத் தெரிந்திருக்கும்.

தெஸலோனிகிக்கு மேற்கே, வெர்மியோ மலைச்சரிவில் இருக்கிற நாவுசாதான் இதற்குப் பேர்போன ஊர். 1971-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். லேபிளில் நாவுசா என்று போட வேண்டுமானால் இந்த ஒரே திராட்சைதான், வேறு எதையும் கலக்கக்கூடாது. இத்தாலியின் பரோலோவுக்கு இதைத் தம்பி என்பார்கள். அண்ணன் விலையில் பாதிக்குக்கூடத் தம்பி கிடைப்பான். ஒன்று, இளசாகத் திறக்காதீர்கள். பத்து வருஷம் தூங்கினால் முரட்டுத்தனம் குறையும். சிவப்பு ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’ குடி என்பார்களே, அது ஐரோப்பாக்காரன் ரூம். பதினாறு, பதினெட்டு டிகிரி. மே மாதத்து மாம்பலம் மேன்ஷன் ரூம் அல்ல.

இந்தத் திராட்சையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் யியானிஸ் பௌடாரிஸ். 1879 முதல் ஒயின் தயாரிக்கும் குடும்பம். அதிலிருந்து பிரிந்து வந்து 1997-ல் கிர்-யியானி என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். காதில் கடுக்கன், கையில் பச்சை. 2011 முதல் 2019 வரை தெஸலோனிகி மேயர். குடிக்கு அடிமையாகி மீண்டவன் நான் என்று ஊரறியச் சொன்னவர். கம்பெனி ஆரம்பிக்கும்போதே குடியை விட்டிருந்தார். ஊருக்கெல்லாம் விருந்து படைத்துவிட்டு, அந்தப் பந்தியில் தான் உட்காராத மனுஷன்! 2024 நவம்பரில் காலமானார்.

அவரை நினைத்துக்கொண்டேனோ, விலையை நினைத்துக்கொண்டேனோ, இரண்டாவது கிளாஸ் வேண்டாம் என்றேன். பெரியவர் வற்புறுத்தவில்லை. பில் வந்தது. தொடாத மீனுக்கும் சேர்த்துத்தான்.