தொப்பி பிடிச்சது, மொழி பிடிக்கலை

உயரமான கறுப்புத் தொப்பி, தோளில் சால்வை, கம்பளிப் பாவாடை, கையில் பின்னல் ஊசி. விக்டோரியா காலத்தில் வேல்ஸுக்கு டூர் போன ஆங்கிலேயர்கள் ஞாபகார்த்தமா வாங்கின அச்சுப் படங்களில் இப்படி ஒரு பெண் இருப்பாங்க.

ஆயிரம் வருஷத்து உடைன்னு நினைச்சேன். இல்லைங்க. கிராமத்துப் பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் போட்டது. உயரத் தொப்பி பரவினதே 1830களை ஒட்டித்தான்.

1834இல் கார்டிஃபில் நடந்த ஒரு கலைவிழாவில், வேல்ஷ் மொழியையும் உடையையும் காப்பாத்தணும்னு கட்டுரை எழுதி அகஸ்டா ஹால் பரிசு வாங்கினார். அப்புறம் ரயில் வந்தது. டூரிஸ்ட்டுகள் வந்தாங்க. படங்கள் நல்லா வித்தது. ஆனா பெண்கள் அந்த உடையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டாங்க. கடைசியில் போட்டோவுக்குப் போஸ் கொடுக்க, விழாக்களுக்குன்னு மட்டும் உடுத்துறதுன்னு ஆச்சு.

என்னை உறுத்துறது வேற. 1847இல் வந்த அரசாங்கக் கல்வி அறிக்கை, வேல்ஷ் மொழி முன்னேற்றத்துக்குத் தடைன்னு சொல்லுச்சு; அந்த ஊர்ப் பெண்களோட ஒழுக்கத்தையும் பழிச்சுச்சு. அதே பெண்களோட படத்தைத்தான் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

அடுத்த தடவை டூரில் ‘பாரம்பரிய உடை’ பொம்மை வாங்கினா, அதை இப்போ யார் உடுத்துறாங்க, என்ன மொழி பேசுறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.