பண்ணைக்குட்டையில் பாசியா? எந்தப் பாசிக்கு எந்த மீன்?



இளையரசனேந்தல், சங்கரன்கோவில், கோவில்பட்டி சுற்று வட்டாரக் கரிசல் காட்டிலே ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்குப் பெரிய மழை. அந்தத் தண்ணீரைப் பண்ணைக்குட்டையிலே பிடித்து வைத்தால், தை மாசம் வாடுகிற பயிருக்கு ஒரு தண்ணீர் காட்டிப் பிழைக்க வைக்கலாம். ஆனால் வெயில் ஏற ஏறக் குட்டைத் தண்ணீர் பச்சையாகி விடுகிறது. மோட்டாரைப் போட்டால் சொட்டுநீர் வடிகட்டி அடைத்துக் கொள்கிறது. குட்டையிலே தண்ணீர் கிடக்கும், பயிர் காயும்.

"பாசி தின்கிற மீன் இருக்காமே, அதை விட்டால் சரியாயிடுமா?" என்று கேட்பீர்கள். சரியாகும்; ஆனால் பாசி இன்னதென்று பார்த்து, அதற்குத் தக்க மீனை விட வேண்டும். பிறகு அந்த மீனைப் பிடித்து வெளியே எடுக்கவும் வேண்டும்.

எந்தப் பாசி?

நாம் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்கிறோம். அதிலே மூன்று வகை உண்டு.

முதலாவது, தண்ணீரையே பச்சையாக்குகிற நுண்பாசி. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, நூல்பாசி. பச்சைப் பஞ்சு மாதிரி மிதக்கும். அள்ளினால் தலைமுடி போலக் கையில் வரும். மூன்றாவது, வேலம்பாசி. பேர்தான் பாசி, உண்மையில் அது வேர், தண்டு, இலை உள்ள நீர்ச்செடி.

எந்த மீன்?

நுண்பாசிக்கு வெள்ளிக்கெண்டை. இதன் செவுளிலே மெல்லிய சல்லடை போன்ற அமைப்பு உண்டு. வாய் வழியாகப் போகிற தண்ணீரை வடித்து, பாசியைப் பிடித்துக் கொள்ளும். வேலம்பாசிக்குப் புல்கெண்டை. ஆடு மாதிரி இளந்தளிராகப் பார்த்துக் கடிக்கும். கல்லிலும் பிளாஸ்டிக் விரிப்பிலும் வழவழவென்று படிகிற பாசியை ரோகு மேயும்.

நூல்பாசியை வெள்ளிக்கெண்டை தின்னாது. புல்கெண்டையும் வேறு நல்ல தழை இல்லாத போதுதான் அதைத் தொடும். ஆகவே நூல்பாசியை முதலில் வாரியால் இழுத்துக் கரையேற்றி எருக்குழியில் போடுங்கள். மிச்சத்தை மீன் பார்த்துக் கொள்ளும்.

வெள்ளிக்கெண்டை ஜப்பானிலிருந்தும், புல்கெண்டை ஹாங்காங்கிலிருந்தும் 1959-ல் நம் நாட்டுக்கு வந்தவை. ஓடாத குட்டைத் தண்ணீரிலே இவை தானாகக் குஞ்சு பொரிக்காது. இது நமக்கு நல்லதுதான். விட்ட எண்ணிக்கை கூடாது. 1952-ல் வந்த திலேப்பியா அப்படியில்லை. நாம் ஜிலேபி மீன் என்கிறோமே, அதுதான். அதுவும் பாசி தின்னும். ஆனால் குட்டையிலேயே பெருகி, எல்லாம் பொடி மீனாக நிறைந்துவிடும்.

எத்தனை விடலாம்?

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள குட்டை சுமார் 22 சென்ட். சென்டுக்கு 20 குஞ்சு என்று 450 போதும். அதிலே 100 வெள்ளிக்கெண்டை, வேலம்பாசி இருந்தால் 45 புல்கெண்டை, மற்றது ரோகு, கட்லா, மிர்கால். நம் குட்டையில் ஐந்தாறு மாதமே தண்ணீர் நிற்கும் என்பதால் நாலு அங்குலக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். காலையிலோ மாலையிலோ கொண்டு வந்து, பையோடு கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, அப்புறம் விடுங்கள்.

மீன் விட்டும் பச்சை குறையவில்லையே, ஏன்?

"என்ன அண்ணாச்சி, மீனை விட்டேன், தண்ணீர் முன்னைவிடப் பச்சையாயிருக்கே!" என்பார்கள் சிலர். காரணம் இருக்கிறது. பாசிக்கு உணவு தண்ணீரில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும். புல்கெண்டை வேலம்பாசியைத் தின்று கழிக்கிறது. அந்தக் கழிவே உரமாகி நுண்பாசியை வளர்க்கிறது. செடியாக இருந்த சத்து பச்சைத் தண்ணீராக மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் புல்கெண்டையோடு வெள்ளிக்கெண்டையும் வேண்டும் என்கிறோம்.

மீனின் உடம்பில் சேர்ந்த சத்து, மீனைப் பிடித்து விற்கிற அன்றைக்குத்தான் குட்டையை விட்டு வெளியேறுகிறது. பிடிக்காமல் விட்டால் குட்டையிலேயே செத்து மறுபடி பாசியாகும். வரவையும் அடைக்க வேண்டும். யூரியா, டி.ஏ.பி. போட்ட வயல் தண்ணீர் நேரே குட்டைக்குள் இறங்கக் கூடாது. வரப்புப் பக்கம் புல் வளர்த்து வடிய விடுங்கள். மாட்டைக் குட்டைக்குள் குளிப்பாட்டாதீர்கள். பாசியைக் குறைக்க மீன் விடுகிறவர் சாணம் கரைத்து ஊற்றவே கூடாது.

சீனாவில் வூஹான் நகரின் கிழக்கு ஏரியில் ஆண்டுதோறும் மிதந்த நீலப்பச்சைப் பாசி 1985-க்குப் பிறகு மறைந்தது. வெள்ளிக்கெண்டையை நிறைய விட்டு வளர்த்ததே காரணம் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அங்கே மீனைத் தொடர்ந்து பிடித்து எடுத்தும் வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

கையைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். அரைக்கை ஆழத்திலேயே உள்ளங்கை மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது. பாசி பகலில் பிராணவாயு கொடுக்கும். இரவில் அதுவே எடுத்துக் கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரைத் தூக்கிக் குட்டைக்குள்ளேயே தெறித்து விழ விடுங்கள். அன்று தீவனம் வேண்டாம்.

மீன் இருக்கிற குட்டையில் மயில்துத்தம் போடாதீர்கள். மயில்துத்தமே மீனுக்கு விஷம். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது பிராணவாயுவும் போய்விடும்.

பச்சைப் பெயிண்டைக் கொட்டினது போல மேலே ஏடு படிந்தால் ஆடு மாடுகளைக் குடிக்க விடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசி நஞ்சு கக்கும். மோட்டார்க் குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு இரண்டடி கீழேயும், அடிச்சேற்றில் படாமலும் கட்டுங்கள். வடிகட்டி அடைப்பது குறையும்.

டவுனில் கண்ணாடித் தொட்டிக் கடையில் "பாசி தின்னும் மீன்" என்று கருப்பாக, உடம்பெல்லாம் கெட்டிச் செதிலோடு ஒன்று விற்பார்கள். சக்கர் மீன் என்று பேர். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதைக் குட்டையில் விடாதீர்கள். கரையைக் குடைந்து வளை போட்டு முட்டையிடும், கரை உடையும். வலையையும் கிழிக்கும்.

எந்த மீனை விட்டாலும் மறுகால் வாயில் வலை கட்டுங்கள். இமாசலப் பிரதேசத்தில் 1971-ல் பண்ணையிலிருந்து தப்பிய வெள்ளிக்கெண்டை, கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் புகுந்தது. ஆறு வந்து சேர்கிற பெரிய தண்ணீர் ஆகையால் அங்கே குஞ்சு பொரித்துப் பெருகிற்று. நம் நாட்டுக் கட்லா அங்கே குறைந்து போயிற்று. நம் குட்டை மீன் ஊர்க் கண்மாய்க்குப் போக நாம் வழிவிடக் கூடாது.

குஞ்சு வாங்குமுன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றுமுன் மீனை ஒன்று விடாமல் பிடித்துவிடுங்கள். தரை தெரிந்ததும் அடிவண்டலை வாரி நிலத்தில் போடுங்கள். பாசிக்குப் போக இருந்த சத்து பயிருக்கு வந்து சேரும். அடுத்த மழைக்குக் குட்டையும் ஆழமாகும்.