‘தம்பதி’ என்னும் சொல்

பினாங்கில் நம்மவர் அச்சிடும் திருமண அழைப்பிதழ்களில் ‘இன்னார் தம்பதியரின் மகன்’ என்று காண்கிறோம். இச்சொல்லைத் ‘தம் + பதி’ எனப் பிரித்து, ‘தமக்குரிய உறைவிடம் கண்டோர்’ என்று தோட்டப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்தவன் நான். அது பிழை.

தம்பதி வடசொல். வேதகால மொழியில் ‘தம்’ என்றால் வீடு. ‘பதி’ என்றால் தலைவன். ஒருமையில் வீட்டுத் தலைவனைச் சுட்டிய சொல், அம்மொழியிலுள்ள இருமை எண்ணில் கணவன் மனைவி இருவரையும் குறித்தது. அந்தத் ‘தம்’ வழக்கொழிந்தபின் வடமொழி இலக்கணிகளே அதனை மறந்து, மனைவியைக் குறிக்கும் ‘ஜாயா’வின் திரிபு என்றனர். அவர்களே இடறிய இடத்தில் நான் இடறியது பெரிதன்று! கிரேக்கத்தில் இதன் உடன்பிறப்பான ‘தெஸ்பொத்தேஸ்’ முதலில் ஆண்டானைக் குறித்தது. ஆங்கிலம் புகுந்து கொடுங்கோலனாயிற்று.

தொலைவிலுள்ள ஐஸ்லாந்திலும் ஏறக்குறைய இக்கதையே. அங்கே மணந்த இருவரை ‘ஹ்யோன்’ என்பர். பழங்காலத்தில் அச்சொல் ஏவலர் உள்ளிட்ட வீட்டாரையும் குறித்தது. நம் ‘மனைவி’யில் மனை இருக்கிறது, ‘இல்லாள்’ என்பதில் இல் இருக்கிறது. ‘இல்லான்’ மட்டும் ஏதுமற்றவன்! ஆடவனுக்குக் குறளில் ‘இல்வாழ்வான்’ என வேறு சொல் வேண்டியதாயிற்று.

மாணவர் ‘தம்பதிகள்’ என்று எழுதினால் என் செய்வது? ஓர் இணையைச் சுட்டத் ‘தம்பதியர்’ என்பதே நன்று. ‘தம்பதிகள்’ பல இணைகளுக்கு இருக்கட்டும். தனித்தமிழ் வேண்டுவோர்க்கு ‘இணையர்’ உண்டு. என் பழைய பிரிப்பை அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எழுதி, நானே அடித்துவிடப் போகிறேன்.