மேசைத் தரவுத்தளமும் தமிழெழுத்தும்

ஜவ்வாது மலையின் பெயரை எவ்வாறு எழுதுவது? ஜவ்வாது என்பார் சிலர்; ஜவாது என்பார் சிலர்; வடவெழுத்தை விலக்கிச் சவ்வாது என்பாரும் உளர். கட்டுரை படிப்போருக்கு இஃது ஒரு பொருட்டன்று. அம்மலையூர்ப் பெயர்களையும், மலைமக்கள் வழங்கும் சொற்களையும் கணிப்பொறியில் தொகுக்கப் புகும் மாணவனுக்கோ இதுவே முதல் இடர். கணிப்பொறி ஒலியை அறியாது. எழுத்துக்குரிய எண்ணையே அறியும். ஒரு வடிவத்தைத் தேடுங்கால் மற்றையிரண்டும் அகப்படா. ஆகலின், எழுதுங்கருவியாகிய உரைதிருத்தியையும், தொகுக்குங்கருவியாகிய தரவுத்தளத்தையும் பற்றி யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தரவுத்தளமாவது செய்திகளை வரிசையும் பத்தியுமாக வகுத்த அட்டவணைகளின் தொகுதி. மலைக்கு ஓர் எண் கொடுத்து, மூன்று பெயர்களையும் அவ்வெண்ணோடு பிணைத்துவிட்டால், எதனைத் தேடினும் மலை கிட்டும். 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தினின்றும் திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபோது, காவலூர் புதிய மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நின்றது. ஊர்தோறும் மாவட்டப் பெயரை எழுதிவைத்தவன் அத்தனை வரிகளையும் திருத்தல் வேண்டும். வட்டங்களுக்கு உரிய மாவட்டத்தைத் தனி அட்டவணையிற் குறித்தவனோ சில வரிகளோடு பணி முடிப்பான்.

இனி எழுத்து. யூனிகோடு பரவுதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தன. எழுத்துருவுக்கு எழுத்துரு அப்பொருத்தம் வேறுபட்டது. அன்றியும், கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே அவை எழுத்தைச் சேமித்தன. 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நின்றன. யூனிகோடில் ககரமே முன் நிற்கும். திரையில் வரையுங்கால் மட்டும் கொம்பு முற்செல்லும். மெய்யின் பின்னரே உயிர் என்னும் நம் இலக்கணத்தோடு இது பொருந்துவது தமிழ் மாணவராகிய எமக்குப் பெருமகிழ்ச்சி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், திஸ்கிக் குறியீட்டில் ஏற்றிய நூல்களை யூனிகோடுக்கு மாற்றினர். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. உரைதிருத்தியை மட்டும் புதுப்பித்து, சேமித்த உரையை மாற்றாது விடுவோமாயின், திறப்போர் காண்பது பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே.

மேசைத் தரவுத்தளங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒருகாலத்தே பெருவழக்காயிருந்த ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு வாராதென்று மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்தது. 2015இல் ஆதரவும் நின்றது. ஆயினும் அதன் டிபிஎஃப் கோப்பின் அமைப்பு பலரும் அறிந்ததாகலின், லிபர் ஆபீஸ் போன்ற வேறு நிரல்கள் அதனை இன்றும் திறக்கின்றன. வரிசையும் பத்தியும் எண்களும் பழுதின்றி நிற்கும். பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ்ப் பத்தி மட்டும் படிக்கவொண்ணாதிருக்கும். எவ்வெழுத்துருவென்று குறித்துவைத்தார் இலரேல் மீட்டல் அரிது. நிரல் மறைந்தமையினும் குறியீடு மறைந்தமையே பேரிழப்பு என்பது எம் துணிபு.

யூனிகோடும் குறையற்றதன்று. அதன் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் தரவுத்தளம் 'மனம்' என்பதை 'மரம்' என்பதற்கு முன் வைக்கும். நெடுங்கணக்கு பயின்றோர் இதனை ஒப்பாராகலின், தமிழ் அடுக்குமுறையைத் தனியே ஏற்றுதல் வேண்டும்.

மேசைத் தரவுத்தளம் மாய்ந்துபோம் என்பாரும் உளர். வலையில் உள்ளனவே போதும் என்பர். மலைச்சிற்றூரில் நின்று சொல் திரட்டுவோனைக் கேட்டால் வேறு கூறுவான். அவனுக்கு இணைப்பு எப்போதும் வாய்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் ஆக்கிய எஸ்க்யூலைட், தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்குவது. நம் கைபேசிகளில் மறைந்திருந்து உழைப்பதும் அதுவே. அக்கோப்பின் அமைப்பு யாவர்க்கும் வெளியிடப்பட்டுள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் காப்புக்குத் தக்க வடிவங்களுள் ஒன்றாக அதனைப் பரிந்துரைத்துள்ளது.

1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி இம்மலைக் காவலூரில் உளது. வானியலார் தம் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவம் 1981இல் வெளியிடப்பெற்றது. பழைய கோப்பு எதனையும் செல்லாததாக்கும் மாற்றம் அதிற் செய்வதில்லையென்பது அவர்தம் நெறி. அதன் தலைப்பகுதி எளிய எழுத்துக்களால் ஆயது. படம் எடுத்த நாளையும் கருவியையும் எவ்வுரைதிருத்தியாலும் படிக்கலாம். சொல் தொகுப்போரும் தம் கோப்பின் தலையில், குறியீடு இன்னது, பத்திகள் இவை, திரட்டிய ஊர் இது, ஆண்டு இது என நான்கு வரி எழுதிவைக்கலாம். அதற்குக் கால்நாழிகையும் வேண்டா.