மடியில் கனமில்லாத பெண்கள்

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தின் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. முந்தைய ஆண்டு வெள்ளம் செடிகளை அழுகவைத்தது, பின்னால் வந்த வறட்சி மிச்சத்தை வாட்டியது. அப்போது கைக்கு அடங்கும் ஐம்பது கிராம் நல்ல காய் 350 ரூபாய் வரை பெற்றது. மலைக்குக் கீழே போடிநாயக்கனூர் குடோன்களில் அந்தக் காயை முறத்தில் கொட்டி, கால் மடக்கி உட்கார்ந்து, நாள் முழுக்க ரகம் பிரிப்பவர்கள் தினக்கூலிப் பெண்கள்.

எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது தனி, ஏழில் நிற்பது தனி. அதற்குப் பிறகு சல்லடைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. வாய் பிளந்தது, வெளுத்தது, பூச்சி அரித்துச் சொறி பிடித்தது, பிஞ்சில் பறித்துச் சுருங்கியது என்று ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. அங்கே கணினி முன் உட்காரும் வியாபாரி சாம்பிள் காயை உடைத்துப் பார்த்துச் சொல்லும் விலைக்குப் பின்னால் இந்தப் பெண்களின் கண் இருக்கிறது.

எடைக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் ஐந்து கிலோ பச்சைக் காய் பறித்தால், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்து வெளிவருவது ஏறக்குறைய ஒரு கிலோ. அதன் பிறகும் எடை நிலையாக நிற்காது. காம்பு உதிரும், தூசி போகும், ஈரம் ஏறி இறங்கும். ஒரு மூட்டையில் நூறு கிராம் குறைந்தால் அது காற்று குடித்ததா, கை எடுத்ததா என்று எந்தத் தராசும் சொல்லாது. குடோனில் நேர்மை என்பது ரகம் பிரிக்கும் பெண்ணுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. சாட்சி கிடையாது, சன்மானம் கிடையாது. சாயங்காலம் சேலையை உதறிக்கொண்டு எழுந்திருக்கும்போது மடியில் ஒரு காய்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் தலை நிமிர்ந்து தெருவில் நடப்பதற்கு அது போதும்.

படிப்பு இல்லை, நிலம் இல்லை, சாதிப் பெருமை பேச வழியில்லை. ஆனாலும் அடுத்தவர் காசு நமக்கு ஒட்டாது என்று சொல்லும்போது குரலில் வரும் உறுதியைப் பார்க்க வேண்டும். மதிப்பு என்பது பதவியிலிருந்தும் பணத்திலிருந்தும் வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்த நேர்மை மட்டும்தான் சொத்து. மலைத் தோட்டத்திலும் இதே கதைதான். விடியுமுன் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து ஜீப்பில் ஏறிக் கேரள எல்லை தாண்டிப் போகிறவர்கள், செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்துக்குக் குனிந்து, அட்டைக் கடியோடு காய் எடுக்கிறார்கள். பிஞ்சையும் சேர்த்து உருவிப் போட்டால் கூடை சீக்கிரம் நிறையும். முற்றியதை மட்டும் பார்த்து எடுப்பவள் அந்தச் சுலபத்தை வேண்டாம் என்கிறாள்.

எனக்குக் கவலை தருவது வாசல் சோதனை. வேலை முடிந்து கிளம்பும்போது பையைத் திற, டிபன் பாக்ஸைத் திற, முந்தானையை உதறிக் காட்டு என்று சொல்லும் பழக்கம் விலை ஏற ஏறக் கூடுகிறது. தலைக்கு மேல் கேமராவும் வருகிறது. இருபது வருடம் ஒரு காய் தொடாதவளும் தொட்டவளும் ஒரே வரிசையில் நின்று முந்தானை உதறுகிறார்கள். அவள் கூலியில் ஒரு ரூபாய்கூட இதனால் குறையவில்லை. ஆனால் அவளிடமிருந்து பறிபோனது கூலியைவிடப் பெரியது. எடுக்கலாம், ஆனாலும் எடுக்கவில்லை என்பதுதான் அவளுடைய பெருமை. கேமரா வந்த பிறகு, எடுக்கவில்லை என்றால் அது பயத்தால் என்று ஆகிவிடுகிறது. சொந்தமாக அவளுக்கு இருந்த ஒன்றை இயந்திரம் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

லட்சக்கணக்கில் சரக்கை வைத்திருப்பவருக்குத் திருட்டு பயம் இருக்கும் என்பதும் உண்மைதான். விலை பிறகு ஆயிரத்தைச் சுற்றி இறங்கியபோது கடனில் மாட்டியவர்களும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் பெரிய ஏமாற்று முந்தானையில் நடப்பதில்லை. வெளுத்த காயைவிடப் பச்சைக் காய்க்கு விலை கூடுதல் என்பதால் சாயம் ஏற்றும் வேலை நடக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏலக்காயில் செயற்கை நிறத்தை அனுமதிப்பதில்லை. ஈரக் கையால் தேய்த்தால் பச்சை ஒட்டும், முறத்தின் முன் உட்கார்ந்திருப்பவளுக்கு அது முதல் கைப்பிடியிலேயே தெரிந்துவிடும். வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. ஐம்பது கிராமுக்காக அவள் மடியைச் சோதிப்பவர்கள், ஐம்பது மூட்டைக்குச் சாயம் ஏற்றியவர் யார் என்று அவளிடம் ஒருநாளும் கேட்பதில்லை. கேட்டால் அவளால் சொல்ல முடியும்.

சோதனை இல்லாமல் முடியாது என்றால் அது எல்லோருக்கும் நடக்கட்டும். கணக்குப்பிள்ளை பையைத் திறக்கட்டும், சரக்கு வாங்க வந்தவர் திறக்கட்டும், முதலாளி கார் டிக்கியைத் திறக்கட்டும். அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் முந்தானையை உதறச் சொல்லுங்கள்.