பல்லேடியத்தில் குடிபுகும் கார்பன்

மூன்று புறம் தமிழ்நாடும் ஒரு புறம் வங்கக் கடலும் சூழ்ந்தது காரைக்கால். அங்கே கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளுள் எத்திலீனும் ஒன்று. சாதாரணமாக வாயுவாக இருக்கும் எத்திலீனை மைனஸ் 104 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரச் செய்து, திரவமாக்கிக் கொண்டுவருகிறார்கள். காரைக்காலில் உள்ள கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் இது குளோரினுடன் சேர்ந்து எத்திலீன் டைகுளோரைடு ஆகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக் உருவாகும் வழியில் இது ஒரு படி.

கப்பல் ஏறுவதற்கு முன்பே இந்த எத்திலீனைத் தூய்மை செய்தாக வேண்டும். நாப்தா போன்ற பொருள்களை 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிச் சிதைத்து எத்திலீனைப் பெறுகிறார்கள். அப்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் அசெட்டிலீனும் கூடவே உண்டாகிவிடும். இது பாலித்தீன் ஆலையின் வினையூக்கியை முடக்கிவிடும். குளோரினுடன் சேர்ந்தால் வேண்டாத சேர்மங்களைத் தரும். எனவே, இதைப் பத்து இலட்சத்தில் சில பங்குகளுக்கும் கீழே குறைக்கிறார்கள்.

எவ்வாறு? அசெட்டிலீன் மூலக்கூறில் இரண்டு ஹைடிரஜன் அணுக்கள் உள்ளன, எத்திலீனில் நான்கு, ஈத்தேனில் ஆறு. அசெட்டிலீனுக்கு இரண்டு ஹைடிரஜன் அணுக்களைக் கொடுத்தால் அது எத்திலீனாகிவிடும். ஆனால் அங்கேயே நிறுத்த வேண்டும்! இன்னும் இரண்டு சேர்ந்தால் விலையுயர்ந்த எத்திலீன் வீணாக ஈத்தேனாகிவிடும். இந்த நுட்பமான வேலையைச் செய்யும் வினையூக்கிதான் பல்லேடியம்.

பல்லேடியத்தை 1803ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர். இவ்வுலோகம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைடிரஜனை உறிஞ்சிக்கொள்ளும் என்று 1866இல் தாமஸ் கிரகாம் கண்டார். இது எப்படி முடிகிறது? பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள். எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் இடையே சிறு இடைவெளிகள் இருக்கும். பல்லேடிய அணுக்களின் அடுக்கிலும் அவ்வாறே. அந்த இடைவெளிகளில் ஹைடிரஜன் அணுக்கள் புகுந்துகொள்கின்றன.

கார்பன் அணுவும் அங்கே புகும். இடைவெளியைவிடச் சற்றுப் பெரிய நெல்லிக்காயைத் திணித்தால் பழங்கள் விலகிக்கொடுக்கும் அல்லவா? அதுபோல் கார்பன் புகுந்ததும் பல்லேடியப் படிகம் சிறிது விரிவடைகிறது. எத்திலீன், அசெட்டிலீன் ஆகியவற்றிலிருந்தே இக்கார்பன் பல்லேடியத்தினுள் செல்வதை 1985இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 100 பல்லேடிய அணுக்களுக்கு ஏறத்தாழ 13 கார்பன் அணுக்கள் வரை அங்கே தங்கும்.

இதனால் என்ன பயன்? பெர்லினில் உள்ள பிரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தின் டெஷ்னரும் அவருடைய குழுவினரும் 2008இல் இதற்கு விடை தந்தனர். அவர்கள் ஆராய்ந்தது அசெட்டிலீன் இனத்தைச் சேர்ந்த பென்டைனை. பல்லேடியத்தின் உள்ளே இருந்து வெளிவரும் ஹைடிரஜன் அடங்காதது; எதிர்ப்படும் மூலக்கூறை முழுமையாக ஹைடிரஜனேற்றிவிடும். மேற்பரப்பை அடுத்த சில அடுக்குகளில் கார்பன் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபடுகிறது. பின்னர் வினை வேண்டிய படியில் நிற்கிறது. அழுக்கு என்று எண்ணத் தக்க கார்பனே இங்கே கடிவாளம்!

இக்கார்பன் நிலையாகத் தங்கிவிடுவதும் இல்லை. 150 டிகிரி செல்சியஸ் அளவில் ஹைடிரஜனோ ஆக்சிஜனோ பட்டால் அது வெளியேறிவிடும். ஹைடிரஜனுடன் சேர்ந்தால் மீத்தேனாகவும், ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடும். ஆகவே வாயுக் கலவையில் ஹைடிரஜனின் அளவை ஆலையினர் கவனமாகக் கட்டுப்படுத்துகின்றனர். பல்லேடியத்துடன் சிறிது வெள்ளியைச் சேர்ப்பதும் உண்டு.

உள்ளே புகும் கார்பன் நன்மை செய்தாலும், மேலே படியும் கார்பன் அப்படியல்ல. மேற்பரப்பில் கரிப் படலம் தடித்துவிட்டால் வாயுக்கள் உலோகத்தைத் தொடவே முடியாது. அப்போது நீராவியும் காற்றும் செலுத்திக் கரியை எரித்து அகற்றுவார்கள்.

வினையூக்கி தான் மாறாமல் வினையின் வேகத்தை மாற்றுவது என்று பாடத்தில் படிக்கிறோம். மொத்தக் கணக்கில் பல்லேடியம் செலவாவதில்லை என்பது உண்மையே. ஆனால் வினை நடக்கும்போது அதன் மேலடுக்குகள் வெறும் பல்லேடியமாக இருப்பதில்லை. வினைப்படும் பொருளிலிருந்தே கார்பனை எடுத்துத் தன்னை மாற்றிக்கொண்ட பிறகுதான், அது அசெட்டிலீனை எத்திலீனாக்கி அத்துடன் நிறுத்துகிறது.